பச்சை நிறத்தில் 'நான்'

மகளுக்கு நீரிழிவு என்று தெரிய வந்த பிறகு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பழக்கம் பிடித்துக்கொண்டது. சும்மா இருக்கும் நேரத்திலெல்லாம் கைத்தொலைபேசியை எடுத்து ஓர் இணையப் பக்கத்தைப் பார்ப்போம். மனைவி ஆசிரியை. ஒரு பாடம் முடிந்து அடுத்த பாடம் தொடங்குவதற்குள் பார்ப்பாள். மாமா, அதாவது மனைவியின் அப்பா, எங்களோடுதான் இருக்கிறார். காலையில் தேவாரம் பாடித் திருநீறு பூசிய கையோடு அவர் பார்ப்பதும் அதைத்தான். நான் யாழ்ப்பாண நகரத்தில், ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருக்கும் சிறிய நிறுவனத்தில் இணையப் பக்கங்கள் செய்கிறவன். என் மேசைத் திரையின் ஒரு மூலையில் அந்தப் பக்கம் எந்நேரமும் திறந்து கிடக்கும்.

சீனி வருத்தம் வயது போனவர்களுக்கு வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு வந்தது. சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு முறையும் இன்சுலின் ஊசி. வைத்தியர் எங்களை இருத்திவைத்துப் பொறுமையாகச் சொன்னார். சீனி கூடினால் மெல்ல மெல்லக் கெடுதல் செய்யும், குறைந்தால் கொஞ்ச நேரத்தில் பிள்ளை மயங்கிவிடும், ஆகையால் குறைவுக்குத்தான் பயப்பட வேண்டும் என்றார். அந்தப் பயம் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது. இன்னும் போகவில்லை.

கனடாவில் இருக்கும் என் தங்கைதான் உதவிக்கு வந்தாள். புயத்தில் ஒட்டிவிடுகிற, ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு வில்லை இருக்கிறது. அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை உடம்பின் சீனியை அளந்து, பக்கத்தில் இருக்கும் தொலைபேசிக்கு அனுப்பும். அங்கேயிருந்து ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது அதை வாங்கிக் கொடுத்துவிடுவாள். ஆனால் கனடாவின் அளவு வேறு, எங்களுடையது வேறு. இங்கே கிளினிக்கில் நூற்றிருபது என்றால் அங்கே அதை ஆறு, ஏழு என்பார்கள். வில்லை ஒட்டிய முதல் நாள் தொலைபேசியில் ஐந்து சொச்சம் என்று காட்டியதைப் பார்த்து மாமா நடுங்கிப்போனார். சீனி ஐந்துக்கு இறங்கினால் பிள்ளை உயிரோடு இருக்குமா என்று கேட்டு என்னை வேலையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் தங்கை அந்தப் பக்கத்தைச் செய்தாள். அவளும் என் தொழில்தான். ஆனால் என்னைவிடக் கெட்டிக்காரி. வில்லையிலிருந்து வரும் அளவை எடுத்துப் பதினெட்டால் பெருக்கி, எங்கள் ஊர்க் கணக்கில் பெரிய எழுத்தில் காட்டும். குறைந்தால் பின்னணி சிவப்பாகிச் சங்கு ஊதுவது போல ஒரு சத்தம் போடும். கூடினால் மஞ்சள். இரண்டும் இல்லாவிட்டால் பச்சை. தொடர்பு அறுந்தால் சாம்பல் நிறம். மகளுக்கு வருத்தம் என்று தெரிந்தபோது அவளால் வர முடியவில்லை. வர முடியாத குறையை அந்தப் பக்கத்தில் தீர்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். மாமாவுக்காக எழுத்தைப் பெரிதாக்கினாள். மனைவி கேட்டதற்காக, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்ட ஓர் அம்புக்குறி வைத்தாள்.

பச்சை என்றால் இனிப்புக் கொடுக்கக் கூடாது, சிவப்பு என்றால் உடனே குளுக்கோசு கொடுக்க வேண்டும் என்று மாமாவுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பேத்தி எவ்வளவு கெஞ்சினாலும் பச்சையில் ஒரு தோடம்பழ இனிப்புக்கூடக் கொடுக்க மாட்டார்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய்த் தன் தகப்பனாருக்குப் பிதிர்க்கடன் செய்வது மாமாவின் வழக்கம். அந்த வருடம் பாடசாலை விடுமுறையும் சேர்ந்து வந்ததால் மகளும் போக வேண்டும் என்று நின்றாள். கேணியில் குளிக்க வேண்டுமாம். மனைவி பரீட்சைத் தாள் திருத்துவதற்கு வவுனியாவுக்குப் போயிருந்தாள். எனக்கு அன்றைக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மனைவியைத் தொலைபேசியில் கேட்டேன். அவள் சற்று யோசித்துவிட்டு, தொலைபேசி பக்கத்தில் இருந்தால் சரி, பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றாள். ஊசி போட்டு, இடியப்பம் கொடுத்து, மாமா பிடித்த ஓட்டோவில் ஏற்றிவிட்டேன். மகள் போகிற சந்தோசத்தில் இடியப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பியதை நான் கவனித்தேன். வழியில் பிஸ்கட் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

வேலைக்கு வந்து பார்த்தேன். நூற்றுச் சொச்சம், பச்சை. கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறமாகியது. கேணியில் இறங்கிவிட்டார்கள், தொலைபேசி பைக்குள் கரையில் இருக்கும் என்று எனக்கு விளங்கியது. தண்ணீருக்குள் இருந்து வில்லை பேசாது. இருந்தாலும் எனக்கு வேலை ஓடவில்லை. மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. திரும்பவும் எடுத்தேன். கேணியில் நிற்கிற மனிதர் எப்படி எடுப்பார் என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டு ஒரு தேநீர் குடித்தேன்.

திரும்பி வந்து பார்க்கும்போது பக்கம் பச்சையாகியிருந்தது. அப்பாடா என்று கதிரையில் இருந்த பிறகுதான் எண் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். எண் இல்லை. மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. என், ஏ, என்.

எங்கள் தொழிலில் அது அடிக்கடி காண்கிற ஒன்று. 'எண் அல்ல' என்பதன் சுருக்கம். வயது கேட்கிற பெட்டியில் யாராவது தங்கள் ஊர்ப் பெயரை எழுதி, அந்த வயதைக் கொண்டு ஒரு கணக்குச் செய்தால், விடையாக இது வந்து நிற்கும். நாங்கள் நிரல் எழுதும் கணினி மொழி பிழை என்று கத்தி நிறுத்தாது. 'எண் அல்ல' என்று ஒன்றை விடையாகத் தந்துவிட்டுப் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரு பொதியின் நிறையில் வந்தால் சிரித்துவிட்டுத் திருத்துவோம். மகளின் இரத்தத்தில் அதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

தொடர்பு இல்லை என்றால் சாம்பல் நிறம் வந்திருக்க வேண்டும். சாம்பல் இல்லை. அப்படியென்றால் வில்லை ஏதோ ஒன்றை அனுப்பியிருக்கிறது. அனுப்பியது எண் அல்ல. பிறகு என்ன? இதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமாவே திரும்ப எடுத்தார். அவருடைய குரல் சாவகாசமாக இருந்தது.

"தம்பி, எடுத்திருக்கிறியள். குளிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். எல்லாம் சரி. பச்சைதான்."

"சீனி எவ்வளவு மாமா?"

"நான்."

"ஓம், நீங்கள்தான் எண்டு விளங்குது. சீனி எவ்வளவு காட்டுது?"

"அதைத்தானே சொல்லுறன். நான் எண்டு காட்டுது. இங்கிலீசிலை போட்டுக் கிடக்கு. பிள்ளை தன்ரை பேரை மாத்திப் போட்டாவோ எண்டு நினைச்சன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். மடத்து விறாந்தையில் படுத்திருக்கிறாள், குளித்த களை, நித்திரையாகிவிட்டாள் என்றார். பச்சையாக இருப்பதால் எழுப்பாமல் விட்டாராம். எழுப்புங்கள் என்றேன். கொஞ்சம் படுக்கட்டுமே என்றார். இல்லை, இப்பவே எழுப்புங்கள் என்றேன். அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே பேத்தியைக் கூப்பிடுவது கேட்டது. முதலில் செல்லமாக, பிறகு சாதாரணமாக, பிறகு சத்தமாக. அவரைச் சுற்றி ஆட்களின் இரைச்சல்.

"ம் எண்டுறா. கண்ணைத் திறக்கிறா இல்லைத் தம்பி. மேலெல்லாம் ஈரமாக் கிடக்கு."

"குளிச்ச ஈரமோ, வேர்வையோ?"

"துவாயாலை துடைச்சு உடுப்பு மாத்தித்தானே படுக்க விட்டனான்" என்றார். அவருடைய குரல் மாறியிருந்தது.

வேர்வை என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சீனி குறைவதற்கு வைத்தியர் சொன்ன அடையாளங்களில் முதலாவது அது. பையில் குளுக்கோசு இருக்கிறது, இப்போதே கொடுங்கள் என்றேன். பையைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஆனால் மனிதர் தயங்கினார்.

"பச்சை காட்டுதே தம்பி. பச்சைக்கு இனிப்புக் குடுத்தால் கூடிப்போகாதோ? நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"மாமா, உந்தப் பக்கம் இப்ப பிழை. அதைப் பாக்காதேங்கோ, பிள்ளையைப் பாருங்கோ. தண்ணி ஊத்தாமல், குளுக்கோசு மாவைக் கொஞ்சங் கொஞ்சமாக் கன்னத்துக்குள்ளை வைச்சுத் தடவுங்கோ. நான் வாறன்."

சரி என்று சொன்னாரா, தெரியாது. தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தேன், போகவில்லை. அமாவாசைக் கூட்டத்தில் கீரிமலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அழைப்புப் போகாவிட்டாலும் இணையம் வந்துகொண்டிருந்தது போலும்; பக்கத்தில் புதிய அளவு ஒன்று வந்தது. அதே மூன்று எழுத்து, அதே பச்சை.

யாரிடமும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். காங்கேசன்துறை வீதியில் சுன்னாகம் சந்தையடிக்கு வரும்வரை எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. மாமா குளுக்கோசைக் கொடுத்திருப்பாரா, அல்லது இன்னும் பச்சையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா என்பது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடியது. இத்தனை மாதமாக அவரிடம் பச்சையை நம்பு, பச்சையை நம்பு என்று சொல்லி வைத்திருந்தோம். இப்போது ஒரு நிமிடக் கதையில் அதை நம்ப வேண்டாம் என்றால் யார்தான் உடனே கேட்பார்கள்? அந்தப் பக்கம் சொல்வதா, நான் சொல்வதா என்று அவர் தனியே நின்று முடிவெடுக்க வேண்டும். சுன்னாகத்தில் நிறுத்திப் பார்த்தேன். பச்சை. 'எண் அல்ல'. மாமாவுக்கு எடுத்தேன். போகவில்லை.

மல்லாகம் தாண்டி ஒரு புகையிரதக் கடவையில் படலை போட்டிருந்தார்கள். ஓட்டோக்களும் வான்களும் நின்றன. பல வான்களில் ஈர வேட்டியைக் கண்ணாடிக்கு வெளியே காயவிட்டபடி கீரிமலையிலிருந்து திரும்புகிறவர்கள். நான் அவர்களுக்குள் மாமாவின் முகத்தைத் தேடினேன். புகையிரதம் வருகிற மாதிரித் தெரியவில்லை. படலைக்குக் கீழால் மோட்டார் சைக்கிளைச் சரித்துக் கொண்டுபோகலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது என் சேட்டுப் பைக்குள் சங்கு ஊதியது.

பக்கத்து ஓட்டோக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். தொலைபேசியை வெளியே எடுத்தேன். திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஐம்பத்திரண்டு. அம்புக்குறி மேல்நோக்கி.

எந்த நாளும் அந்தச் சத்தத்துக்குப் பயந்து செத்தவன் நான். அன்றைக்கு அது ஊதியபோது எனக்குக் கண்ணீர் வந்தது. ஐம்பத்திரண்டு மிகக் குறைவு. ஆனால் அது ஓர் எண். அம்பு மேலே போகிறது என்றால் மாமா கொடுத்திருக்கிறார். ஓட்டோக்காரர் என்ன தம்பி, ஏதும் பிரச்சினையோ என்று கேட்டார். இல்லை அண்ணை, சரியாகிவிட்டது என்றேன். சங்கு இன்னும் ஊதிக்கொண்டேயிருந்தது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கீரிமலையில் வாகனங்களைத் தூரத்திலேயே மறித்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளை ஒரு மதிலோரம் நிறுத்திவிட்டு ஓடினேன். மடத்து விறாந்தையில் மகள் மாமாவின் மடியில் சாய்ந்திருந்தாள். வாயைச் சுற்றி வெள்ளை மா. மாமாவின் விரல்களிலும் நெஞ்சிலும் அதே மா. மகள் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கள் வேலைக்குப் போகேல்லையோ?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் இருந்து அவளுடைய விரலில் குத்திப் பார்த்தேன். எழுபதுக்கு மேலே வந்துவிட்டது. பிஸ்கட்டைக் கொடுத்துச் சாப்பிட வைத்தோம்.

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் பிந்திப் போனன்" என்றார். "பச்சையைப் பாத்தன், பிள்ளையைப் பாத்தன், திரும்பப் பச்சையைப் பாத்தன்." நீங்கள் கொடுத்ததால்தான் பிள்ளை எழும்பியிருக்கிறாள் என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை.

ஓட்டோ பிடித்து வழியில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்னேரம் வரை வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். எவ்வளவுக்கு இறங்கியது என்று வைத்தியர் கேட்டார். நான் பக்கத்தில் பழைய அளவுகள் கோடாக ஓடும் இடத்தைத் திறந்தேன். கோடு இறங்கி வந்து, ஓரிடத்தில் இல்லாமல் போய், பிறகு ஐம்பத்திரண்டில் திரும்ப முளைத்தது. நடுவில் வெறுமை. 'எண் அல்ல' என்பதைச் சேமிக்கும்போது அதை எழுத வழியில்லை. வெற்றிடமாகத்தான் எழுதப்படும். பிள்ளையின் உயிர் ஆடிய நேரம் முழுவதும் அங்கே ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. தெரியவில்லை டொக்டர் என்றேன்.

வாட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்துகொண்டு தங்கை எழுதிய நிரலை என் தொலைபேசியில் திறந்தேன். அவள் எனக்கும் பார்க்க அனுமதி கொடுத்திருந்தாள். தேடுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. அந்த வில்லைக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே சீனி இறங்கினால் அளவைச் சொல்லாது. 'குறைவு' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லை மட்டும் அனுப்பும். நிரல் அந்தச் சொல்லைப் பதினெட்டால் பெருக்கியிருக்கிறது. சொல்லைப் பெருக்க முடியாது. 'எண் அல்ல' என்று விடை. அடுத்த வரி, இது எழுபதுக்குக் கீழா என்று கேட்கிறது. இல்லை. நூற்றெண்பதுக்கு மேலா? இல்லை. இரண்டும் இல்லையென்றால் பச்சை. 'எண் அல்ல' என்பதை எதனோடு ஒப்பிட்டுக் கேட்டாலும் இல்லை என்றுதான் வரும். நீயும் நீயும் ஒன்றா என்று அதையே அதனோடு வைத்துக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லும். இது இந்தத் தொழிலில் முதல் வருடத்தில் படிக்கிற விசயம்.

ஆக, பிள்ளையின் சீனி அளக்க முடியாத அளவுக்கு இறங்கிய அந்த நேரத்தில்தான் பக்கம் எல்லாம் நலம் என்று காட்டியிருக்கிறது. ஆயிரம் முறை சரியாக வேலை செய்து, மிகவும் தேவைப்பட்ட ஒரு முறை மட்டும் பிழைத்திருக்கிறது.

இடைவேளையில் மனைவி எடுத்தபோது சொன்னேன். தாள் திருத்தும் மண்டபத்தில் தொலைபேசிகளை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் அவள் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, பச்சை காட்டும்போது பிழை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். அந்த மூன்று எழுத்தை வேலையில் கண்டிருக்கிறேன் என்றேன்.

"நான் எண்டால் பச்சையைப் பாத்திட்டு அடுத்த தாளைத் திருத்தியிருப்பன்" என்றாள்.

அன்றைக்கு நடந்த எல்லாவற்றையும்விட அந்த வசனம்தான் என்னை அதிகம் கலக்கியது.

தங்கைக்குச் சொல்வதற்கு அவளுக்கு விடியும்வரை பொறுத்திருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் மகளை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. ஆனால் எங்களைவிட அதிகமாக அந்த எண்களைப் பார்ப்பவள் அவள். முதலில் பிள்ளை சுகமாக இருக்கிறாள் என்று சொன்னேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். 'குறைவு' என்று சொல் வந்தது என்ற இடத்தில் அவள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொழில் தெரிந்தவளுக்கு அது போதும்.

"அண்ணை, அவளை ஒருக்காக் காட்டுங்கோ" என்றாள். மகள் திரைக்கு முன்னால் வந்து ஆஸ்பத்திரியில் கையில் ஒட்டிய பிளாஸ்டரைக் காட்டி, மாமி, எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தரவில்லை என்று முறையிட்டாள். தங்கை சிரிக்க முயன்றாள். பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் பக்கம் இல்லை. திறந்தால் வெறும் வெள்ளை. அவள் கழற்றிவிட்டாள். எடுத்தேன், எடுக்கவில்லை. உன்னில் ஒருவருக்கும் கோபம் இல்லை என்று எழுதினேன், பதில் இல்லை. நாங்கள் பழையபடி விரலில் குத்திப் பார்க்கத் தொடங்கினோம். மகளின் விரல் நுனிகள் சிவந்துவிட்டன. குத்துகிற நேரம் தெரியும், இடையில் ஒன்றும் தெரியாது. பிள்ளை வீட்டில் இருக்கும்போது மட்டும், வில்லையோடு வந்த செயலி காட்டும் கனடா அளவைப் பார்த்து மனைவி மனக்கணக்கில் பெருக்கினாள். நான் வேலையில் வெறும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் தங்கைக்கும் பயந்தேன். தனியாக இருக்கிறவள். தன்னால் ஒரு பிள்ளை செத்திருக்கும் என்ற நினைப்போடு ஓர் அறைக்குள் இருக்கிறாள்.

அதை முடித்து வைத்தவர் மாமா. எனக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பியிருக்கிறார். பிறகு எனக்கும் போட்டுக் காட்டினார். "பிள்ளை, நான் கதைக்கிறன். நீ செய்து தந்ததாலைதான் இவ்வளவு நாளும் நான் நிம்மதியா நித்திரை கொண்டனான். இப்ப எனக்கு நித்திரை இல்லை. உதைத் திருத்தித் திரும்பப் போட்டுவிடு மோனை. பச்சை காட்டினாலும் நான் இனிப் பிள்ளையையும் பாப்பன்." அவ்வளவுதான்.

தங்கை அன்றைக்கே எடுத்தாள். அழுதிருந்தாள் என்று குரலில் தெரிந்தது, நான் கேட்கவில்லை. சனிக்கிழமை இரண்டு பேரும் திரையில் பார்த்துக்கொண்டு நிரலைத் திருத்தினோம். வருவது எண்ணா என்று முதலில் கேட்பது சுலபமான வேலை, ஒரு வரி. ஆனால் அவளுக்கு அது போதவில்லை. எண் இல்லை என்று மட்டும் வைத்துக்கொண்டால் திரும்பவும் ஒருநாள் அகப்படுவோம் அண்ணை, ஏன் இல்லை என்றும் வைத்திருக்க வேண்டும் என்றாள். அளக்க முடியாத குறைவா, அளக்க முடியாத கூடுதலா, தொடர்பு இல்லையா, இதுவரை யாரும் காணாத வேறு ஏதாவதா. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்தோம். வெற்றிடம் வந்தால் எங்கள் மொழி அதைச் சில இடங்களில் சத்தமில்லாமல் பூச்சியமாக மாற்றிவிடும். அதையும் மறித்தோம். பச்சையைக் கடைசியில், மிச்சமாக வருவது போல வைக்காமல், எண் என்று உறுதியாகி, இரண்டு எல்லைக்கும் நடுவில் நிற்கிறது என்றும் உறுதியான பிறகே வரும்படி மாற்றினோம். எண் இல்லாத மற்ற எல்லாவற்றுக்கும் சிவப்பு. சிவப்பில் தமிழில் ஒரு வரி: விரலில் குத்திப் பாருங்கள், பிள்ளையைப் பாருங்கள்.

சோதிப்பதற்கு மகளைக் கூப்பிட்டோம். எண்ணுக்குப் பதிலாக விரும்பியதை எழுதலாம் என்றதும் அவள் 'பூனை' என்று எழுதினாள். சிவந்து சங்கு ஊதியது. 'ஐஸ்கிறீம்' என்று எழுதினாள். ஊதியது. ஒன்றும் எழுதாமல் அமத்தினாள். ஊதியது. தங்கை அங்கேயிருந்து, இன்னும் எழுது, இன்னும் எழுது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகளுக்கு அலுத்துப்போன பிறகும் அவள் விடவில்லை.

பக்கம் திரும்ப வந்துவிட்டது. நிம்மதி முழுதாகத் திரும்பவில்லை. இப்போது அது முன்னையைவிட அடிக்கடி ஊதுகிறது. வில்லையின் ஓரம் கழன்றாலும் ஊதும், மகள் அந்தப் புயத்தில் சரிந்து படுத்தாலும் ஊதும். பச்சையாக இருக்கும்போதும் மனைவி மாமாவுக்கு எடுத்து, பிள்ளை வேர்த்திருக்கிறாளா என்று கேட்பாள். மாமா தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய வாரத்தில் ஒருநாள் வேலையில் இருக்கும்போது திரையின் மூலை சிவந்தது. 'தெரியாத காரணம், விரலில் குத்திப் பாருங்கள்' என்று வந்தது. வகுப்பாசிரியைக்கு எடுத்தேன். அவர் மைதானத்துக்கு ஓடிப்போய் மகளைக் கூப்பிட்டுக் குத்திப் பார்த்தார். நூற்றிருபத்தொன்று. ஒரு குறையும் இல்லை. வலைப்பந்து விளையாட்டின் நடுவில் இழுத்து எடுத்ததில் மகளுக்கு ஒரே கோபம். வீட்டுக்கு வந்ததும் கனடாவுக்கு எடுத்து, மாமி, உங்கடை பக்கம் சும்மா சும்மா ஊதுது, பிள்ளையள் எல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சவை, உதைக் குறையுங்கோ என்று சண்டை பிடித்தாள்.

சத்தத்தை மாற்றித் தருகிறேன், வேறு நல்ல சத்தம் போடுகிறேன் என்று தங்கை சொன்னாள். மகள் போன பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அண்ணை, ஊதுறதைக் குறைக்கட்டோ?"

"வேண்டாம்" என்றேன்.

அவள் ஓம் என்றாள். அதற்குப் பிறகு வில்லை எப்போது வந்து சேரும், யாரிடம் கொடுத்துவிடுவாள் என்று கதைத்துக்கொண்டிருந்தோம். கதைக்கும்போதே இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.